சவாரி: ஒரு சொல்லின் பாரம்

விடியற்காலையில் ஏதாவது ஒரு ரயிலடி ஆட்டோ ஸ்டாண்டில் பத்து நிமிடம் நின்றால் போதும், இந்தப் பேச்சு காதில் விழும். “சவாரி ஏத்திட்டியா?” “இன்னும் போணியே ஆகலண்ணே, ரெண்டு சவாரி கைவிட்டுப் போச்சு.” “என் சவாரி டீ குடிக்கப் போயிருக்கு, வந்ததும் கிளம்பிடுவேன்.” சொல் ஒன்றுதான், மூன்று இடத்திலும் பொருள் வேறு. முதலில் அது ஏற்றிக்கொள்ளப்படும் ஆள். அடுத்ததில், கைக்கு வராமல் போன காசு. மூன்றாவதில் சவாரிக்குக் கால் முளைத்து டீக்கடைக்கே நடந்து போய்விட்டது.

பள்ளிக்கூடத்துப் புத்தகத்தில் இந்தச் சொல் நமக்கு அறிமுகமானது வேறு விதமாக. இளவரசன் குதிரைச் சவாரி பழகினான் என்று படித்தோம். அங்கே சவாரி என்பது மேலே உட்கார்ந்தவன் செய்யும் காரியம். கீழே இருக்கும் குதிரைக்கு அதில் பங்கே இல்லை. ஸ்டாண்டிலோ மேலே உட்கார்ந்தவர் சவாரி என்ற பொருளாகிவிட்டார். அதைச் செய்பவர் ஓட்டுநர். ஏறியவரின் சொல் சுமப்பவரின் வாய்க்கு எப்படி வந்தது என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி. அது தடம் மாறி வந்துவிட்ட சொல் என்று நான் நினைக்கவில்லை. பிறந்த வீட்டிலேயே அது சுமப்பவரைப் பற்றிய சொல்தான்.

சவாரி பாரசீகத்திலிருந்து வந்தது. ‘சவார்’ என்றால் குதிரையேறியவன், ‘சவாரீ’ என்றால் குதிரையேற்றம். அதற்கு முந்திய நடுப் பாரசீகத்தில் இது ‘அஸ்வார்’. அதற்கும் முன்னால், பழம்பாரசீகத்தில் ‘அசபார’. மேற்கு ஈரானின் பெஹிஸ்தூன் மலைமுகத்தில் முதலாம் தாரியஸ் வெட்டுவித்த பெரிய கல்வெட்டில் குதிரைவீரர்களைக் குறிக்க இந்தச் சொல் வருகிறது, ஏறத்தாழ கி.மு. 520. நக்ஷ்-இ-ருஸ்தமில் அவனுடைய கல்லறையின் மேல் உள்ள இன்னொரு கல்வெட்டில், தான் நல்ல வில்லாளி, நல்ல வேலாளி என்பதோடு நல்ல அசபார என்றும் அவன் சொல்லிக்கொள்கிறான்.

இந்த அசபாரவைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ‘அச’ என்பது குதிரை; வடமொழியின் அசுவத்தோடு உடன்பிறந்தது. ‘பார’ என்பது சுமத்தலைக் குறிக்கும் வேரிலிருந்து வந்த பகுதி. நாம் மூட்டைக்கும் மனக்கவலைக்கும் ஒருசேரச் சொல்லும் ‘பாரம்’ வடமொழி வழியே நமக்கு வந்தது. அதுவும் அந்த வேரின் கிளைதான். ஆக, அசபார என்றால் குதிரையால் சுமக்கப்படுபவன். குதிரையை அடக்குபவன் என்றோ செலுத்துபவன் என்றோ அந்தச் சொல்லில் இல்லை. பேரரசன் தாரியஸ் பெருமையாகச் சூட்டிக்கொண்ட பட்டத்தில் வேலை செய்வது குதிரை. அரசன் அதன் பாரம்.

காலப்போக்கில் சொல் தேய்ந்தது. முன்னால் இருந்த அகரம் உதிர்ந்தது, பகரம் வகரமானது, அஸ்வார் சவார் ஆயிற்று. முழுக் குதிரையில் இன்று மிஞ்சியிருப்பது ஒரு சகரம். சொல்லுக்குள் குதிரை இருப்பதே மறந்துபோனதால் வெளியிலிருந்து இன்னொரு குதிரையைக் கொண்டுவந்து கட்டவேண்டியதாயிற்று. இன்றைய பாரசீகத்தில் குதிரையேற்றத்துக்கு ‘அஸ்ப்-சவாரீ’ என்பார்கள். அஸ்ப் என்றாலும் குதிரைதான். நாம் குதிரைச் சவாரி என்கிறோம். நடுசென்டர், கேட்டுக்கதவு மாதிரிதான் இதுவும். ஆனால் இந்தத் தேய்மானம்தான் சொல்லுக்கு விடுதலை கொடுத்தது. குதிரை உள்ளே தெரியும்படி நின்றிருந்தால் படகுச் சவாரி என்றோ யானைச் சவாரி என்றோ யாருக்கும் சொல்ல வாய் வந்திராது.

இந்தச் சொல் வரும்வரை தமிழன் குதிரையேறாமலா இருந்தான்? புரவி, பரி, இவுளி, மா என்று குதிரைக்கே இத்தனை பெயர் வைத்திருந்தவர்கள் நாம். குதிரைகள் கடல்வழியே காவிரிப்பூம்பட்டினத்தில் வந்து இறங்கியதைப் பட்டினப்பாலை சொல்கிறது. ஏறிப் போவதற்குச் சங்கத் தமிழ் பெரிதும் சொன்ன வினை ‘ஊர்தல்’. குதிரை ஊர்ந்தார்கள், யானை ஊர்ந்தார்கள், தேர் ஊர்ந்தார்கள். காதலில் தோற்ற ஆண் பனங்கருக்கில் குதிரை செய்து, எருக்கம்பூச் சூடி, ஊர் நடுவே ஏறி வருவதாக மிரட்டியது மடலூர்தல். உண்மையான குதிரை வாங்க வக்கில்லாதவனுக்கும் ஊர்வதற்கு ஒரு குதிரை இருந்த மொழி இது. திருமங்கையாழ்வார் தம் இரண்டு மடல்களில் பெண் மடலேறத் துணிவதாகப் பாடி அந்த மரபையே திருப்பிப் போட்டார்.

அந்த ஊர்தல் இன்று எங்கே இருக்கிறது? எறும்பு ஊர்கிறது, அட்டை ஊர்கிறது. பெயர்ச்சொல்லான ‘ஊர்தி’ குடியரசு தின அணிவகுப்பின் அலங்கார ஊர்தியிலும், ஈழத்தமிழர் வழக்கில் வானூர்தியிலும் இருக்கிறது. சாலையில் நான் அதை அடிக்கடி பார்ப்பது வெள்ளை வேன்களின் நெற்றியில்: அமரர் ஊர்தி. வேந்தர்கள் ஏறிய வினை கடைசியில் எல்லாரையும் ஒரே மாதிரி ஏற்றிப்போகும் வண்டிக்கு வந்து சேர்ந்திருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் மனசு ஒரு கணம் நின்றுவிடுகிறது. ‘புரவி’க்கு இதைவிட நல்ல காலம் வாய்த்தது. சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமங்களில் ஐயனாருக்கு மண்குதிரை செய்து சுமந்துபோய் வைக்கும் விழாவுக்குப் ‘புரவியெடுப்பு’ என்றே பெயர். ஏட்டில் மட்டும் இருப்பதாக நாம் நினைக்கும் சொல்லை அங்கே வேளார் வீட்டுப் பிள்ளைகள் சாதாரணமாகப் பேசுகிறார்கள். புரவியெடுப்பில் குதிரை மனிதனைச் சுமப்பதில்லை, மனிதர்கள் தோளில் குதிரையைச் சுமக்கிறார்கள் என்பதையும் மறக்கக்கூடாது.

குதிரை இந்த மண்ணில் விளைந்த பொருள் அல்ல. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, இங்குள்ள அரசர்கள் ஆண்டுக்கு ஆயிரக்கணக்கில் குதிரை வாங்கியதையும், பார்க்கத் தெரிந்த ஆள் இல்லாததால் அவை சீக்கிரமே மடிந்ததையும் எழுதியிருக்கிறார். மாணிக்கவாசகர் பாண்டியனின் பணத்தோடு திருப்பெருந்துறைக்குப் போனதும் குதிரை வாங்கத்தான். வாங்கப்படாத அந்தக் குதிரைகளுக்குப் பதிலாக நரிகள் பரிகளாயின என்ற கதை மதுரையில் ஆண்டுதோறும் ஆவணி மூலத்தில் நடித்துக் காட்டப்படுகிறது. வெளியிலிருந்து வந்துகொண்டே இருந்த சரக்கு என்பதால் குதிரையோடு ஆட்களும் வந்தார்கள், ஆட்களோடு சொற்களும் வந்தன. இராவுத்தர் என்ற சொல் குதிரைவீரனைக் குறித்து வந்து, ஒரு தமிழ் முஸ்லிம் சமூகத்தின் பெயராக நிலைத்தது. மயில்மேல் வரும் முருகனை அருணகிரிநாதர் இராவுத்தன் என்று விளிக்கிறார். திரௌபதி அம்மன் கோயில்களில் முத்தால இராவுத்தர் காவல் நிற்கிறார். வந்த சொல்லை வாசலில் நிறுத்தி வைக்காமல் சாமிக்கே சூட்டிய மொழி, சவாரிக்கு மட்டும் கதவடைத்திருக்குமா?

சவாரி நம்மிடம் வந்தது முகலாய, மராட்டிய, ஆர்க்காட்டு நவாபு ஆட்சிகளின் படையோடும் கச்சேரியோடும். லகான் வந்தது, ஜீனி வந்தது, சவுக்கு வந்தது. நம்முடைய கடிவாளமும் சேணமும் கலணையும் அங்கவடியும் அருகிலேயே இருந்தன. சில பிழைத்தன, சில அகராதிக்குள் போய்ப் படுத்துக்கொண்டன. ஆட்சியாளர் வீட்டில் சவாரி என்ன பாடுபட்டது என்பதைக் கொஞ்சம் பார்த்துவிட வேண்டும், ஏனென்றால் அங்கேதான் அது கூலிக்கணக்கோடு முதலில் சேர்ந்தது.

அக்பரின் மன்சப் என்ற பதவி முறையில் ஒவ்வோர் அதிகாரிக்கும் இரண்டு எண். ஒன்று ‘ஜாத்’, அவருடைய தகுதி. இன்னொன்று ‘சவார்’, அவர் வைத்திருக்க வேண்டிய குதிரைவீரர்களின் கணக்கு. சவார் இங்கே மனிதனும் இல்லை, செயலும் இல்லை, அலகு. அலகு வந்த இடத்தில் கள்ளக்கணக்கும் வந்தது. பார்வையிடும் நாளில் மட்டும் அடுத்தவர் குதிரையை இரவல் வாங்கி நிறுத்தியவர்கள் இருந்தார்கள். அதைத் தடுக்க 1570களில் குதிரைக்குச் சூடு போட்டு அடையாளம் வைக்கும் ‘தாக்’ முறை நடைமுறைக்கு வந்தது.

மராட்டியர் படையில் இன்னொரு பிரிவினை இருந்தது. சொந்தக் குதிரையோடு வந்து சேருபவர் சில்லேதார். அரசோ அடுத்தவரோ கொடுத்த குதிரையில் ஏறிச் சண்டை போடுபவர் பார்கீர். பார்கீர் என்ற சொல்லின் முன்பாதியான ‘பார்’ மேலே பார்த்த அதே சுமையின் உறவு. இதைப் படித்தபோது எனக்கு ஆட்டோ ஸ்டாண்டுதான் நினைவுக்கு வந்தது. அங்கேயும் முதல் கேள்வி அதுதான்: “சொந்த வண்டியா, வாடகை வண்டியா?” சொந்த வண்டிக்காரர் நாலு சவாரியோடு வீட்டுக்குப் போய்விடலாம். நாள் வாடகைக்கு எடுத்தவருக்கு முதல் சில சவாரிகள் முதலாளிக்கு. அதற்கப்புறம் ஓடுவதுதான் அவர் வீட்டு உலைக்கு. சில்லேதாரும் பார்கீரும் குதிரையை விட்டிறங்கி மூன்று சக்கரத்துக்கு வந்திருக்கிறார்கள்.

இந்திய ராணுவத்தில் சவார் இன்றும் பதவிப் பெயர். பழைய குதிரைப்படைகளின் வழிவந்த கவசப் படைப்பிரிவுகளில் சாதாரண வீரருக்கு அதுதான் பெயர். அவர் ஏறுவது டாங்கி. உண்மையாகவே குதிரைமேல் இருக்கும் படைப்பிரிவாக ஜெய்ப்பூரின் 61ஆம் குதிரைப்படை நிற்கிறது.

மராட்டியில் ‘ஸ்வாரீ’ என்றால் படையெடுப்பும்தான். அதோடு பெரிய மனிதரையே அந்தச் சொல்லால் குறிப்பார்கள். வீட்டுப் பெண்கள் கணவனைப் பற்றிச் செல்லமாக “ஸ்வாரீ வந்தாயிற்று” என்பதும் உண்டு. இந்தியில் ஊர்வலம் சவாரி. சிராவண மாதத் திங்கட்கிழமைகளில் உஜ்ஜயினியில் மகாகாலர் நகர்வலம் வருவது சவாரி. ஐதராபாத் பக்கம் முஹர்ரத்தில் ‘அலம்’ என்ற புனிதச் சின்னத்தை எடுத்துவருவது சவாரி. உடம்பில் தெய்வம் இறங்கி ஆடுவதையும் வடக்கே மாதாவின் சவாரி வந்துவிட்டது என்கிறார்கள். ஆடுபவரின் உடம்பு அங்கே வாகனம். ஆங்கிலேயரும் இந்த ஆடம்பரப் பொருளைத்தான் முதலில் பிடித்துக்கொண்டார்கள். யூலும் பர்னெலும் 1886இல் வெளியிட்ட ஹாப்சன்-ஜாப்சன் அகராதியில், பரிவாரம் புடைசூழப் போகும் பவனி என்ற பொருளில் இது இடம்பெற்றிருக்கிறது. மைசூர் தசராவில் ஏறத்தாழ 750 கிலோ எடையுள்ள தங்க அம்பாரியில் சாமுண்டீசுவரியைச் சுமந்து யானை நடப்பது ஜம்பூ சவாரி.

தமிழ் இந்த வரிசையில் சேரவில்லை என்பது எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. சித்திரைத் திருவிழாவில் கள்ளழகர் தங்கக் குதிரைமேல்தான் வைகைக்கு வருகிறார். லட்சக்கணக்கானவர் கூடிநிற்கும் அந்த ஆற்றில் அழகர் குதிரைச் சவாரி வருகிறார் என்று ஒருவர் வாயிலிருந்தும் வராது. எழுந்தருளுகிறார். சாமி எழுந்தருளுகிறது, தேர் நிலைக்கு வருகிறது, அருள் வந்தவர் மேல் சாமி இறங்குகிறது. உயர்ந்தோர் ஏறி வருவதற்கு நம்மிடம் வேறு சொற்கள் ஏற்கெனவே நிரம்பியிருந்தன. சவாரிக்கு அந்தப் பந்தியில் இலை போடவில்லை. அதனால் அது தெருவுக்கு வந்தது. தெருவில் அதை எடுத்துக்கொண்டவர் ஜட்காக்காரர்.

ஜட்காவைப் பார்த்திராத தலைமுறைக்காக இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இரண்டு சக்கரம், ஒற்றைக் குதிரை, மேலே வளைந்த கூண்டு. உள்ளே இருக்கை கிடையாது. தரையில் வைக்கோல் பரப்பி, அதன்மேல் சாக்கோ பழைய ஜமக்காளமோ விரித்திருக்கும். காலை மடக்கிக்கொண்டு உட்கார வேண்டும். கடைசியில் ஏறுபவர் பின்பக்கம் காலைத் தொங்கப் போட்டுக்கொள்வார். எல்லாரும் ஏறி முடித்ததும் வண்டி கிளம்பாது. ஜட்காக்காரர் ஒருமுறை திரும்பிப் பார்ப்பார். “பின்பாரமா இருக்கு, அம்மா கொஞ்சம் முன்னால வாங்க.” குண்டான மாமா இடம் மாறுவார். “இப்ப முன்பாரம் ஜாஸ்தி, தம்பி நீ பின்னால தள்ளிக்கோ.” இப்படி ஆளை ஆளாக நகர்த்தி, ஒரு கணக்கு சரியானதும்தான் நாக்கைச் சொடுக்கி லகானை அசைப்பார்.

இது வெறும் வசதிக்காகச் செய்ததில்லை. இரண்டு சக்கர வண்டியில் அச்சுதான் தராசின் நடுமுள். பின்னால் கனம் ஏறினால் குதிரையின் இருபுறமும் நீளும் மரச்சட்டங்கள் மேலே எழும். வயிற்றுக்கடியில் போகும் வார் குதிரையைத் தூக்கிப் பிடிக்கும், அதன் குளம்பு தரையில் சரியாகப் பாவாது. முன்னால் கனம் ஏறினால் அத்தனையும் அதன் முதுகில் அழுந்தும். இரண்டுமே புண்ணில்தான் முடியும். மாட்டுவண்டிக்காரருக்கும் இது தெரியும். முன்பாரம், பின்பாரம் என்ற சொற்கள் நெல்மூட்டை ஏற்றும் வண்டிகளிலும் புழங்கியவை. ஜட்காக்காரர் கண்ணில் வக்கீலும் வாத்தியாரும் கல்யாணத்துக்குப் போகும் அத்தையும் முதலில் எடைகள். அசபார என்ற சொல்லைக் கேட்டிராத அவர், அதன் பொருளைத் தினமும் கையால் சரிபார்த்துக்கொண்டிருந்தார். பழனி அடிவாரத்தில் அண்மைக்காலம் வரை ஓடிய குதிரைவண்டிகளில் ஏறியவர்களுக்கு இந்த “கொஞ்சம் முன்னால வாங்க” நினைவிருக்கும்.

குதிரை இருந்த இடத்தில் அடுத்து மனிதனே வந்து நின்றான். கைரிக்‌ஷாவில் மனிதன் மனிதனை இழுத்த காலத்திலும் அதற்குப் பெயர் சவாரிதான். 1970களின் தொடக்கத்தில் மு. கருணாநிதி அரசு கைரிக்‌ஷாவை ஒழித்து, இழுத்தவர்களுக்குச் சைக்கிள் ரிக்‌ஷா கொடுத்தது. இழுப்பது மிதிப்பதாயிற்று, மிதிப்பது பின்பு மோட்டாராயிற்று. ஜட்கா, கைரிக்‌ஷா, சைக்கிள் ரிக்‌ஷா, ஆட்டோ என்று வண்டி மூன்று தரம் மாறியும் சொல் மாறவில்லை.

இந்த இடத்தில் வினைச்சொற்களைக் கவனித்தால் எல்லாம் விளங்கிவிடும். ஏறுபவர் சவாரி ‘செய்கிறார்’, சவாரி ‘போகிறார்’. ஓட்டுபவருக்குச் சவாரி ‘கிடைக்கிறது’, ‘வருகிறது’, ‘கைவிட்டுப் போகிறது’. அவர் அதை ‘ஏற்றுகிறார்’, ‘இறக்குகிறார்’, ஒரு நாளைக்கு எட்டு சவாரி ‘அடிக்கிறார்’. ஸ்கூல் சவாரி உண்டு, ரிட்டர்ன் சவாரி உண்டு. ஏறுபவரின் வினைகள் இரண்டோடு நின்றுவிட்டன. சுமப்பவர் பக்கத்தில் அவை கிளைத்துக்கொண்டே போகின்றன. ஒரு சொல் யாருடையது என்று தெரிய வேண்டுமென்றால் யார் வாயில் அது அதிக வினைகளோடு சேருகிறது என்று பார்த்தால் போதும் என்பது என் எண்ணம். சவாரி ஏறியவரைக் குறிப்பது இந்தியிலும் உண்டு. வடக்கே பேருந்துகளில், ‘சவாரி தன் சாமான்களுக்குத் தானே பொறுப்பு’ என்ற அறிவிப்பை இந்தியில் எழுதி வைத்திருப்பார்கள். ஆனால் அங்கே பேருந்துப் பயணியும் சவாரி. தமிழில் அப்படியில்லை. பேருந்தில் நாம் சவாரி போவதில்லை, பயணம் போகிறோம். ரயில் சவாரி, விமானச் சவாரி யாரும் சொல்வதில்லை. கப்பலுக்குச் சொல்லாத சொல்லைப் படகுக்குச் சொல்கிறோம். ஊட்டியிலும் பிச்சாவரத்திலும் பலகையில் படகு சவாரி என்றே இருக்கிறது.

இந்த எல்லைக்கோட்டை யார் போட்டது? என் கணிப்பு இது: தமிழில் சவாரி என்று சொல்ல, சுமக்கும் முதுகு கண்ணுக்குத் தெரிய வேண்டும். குதிரையின் முதுகு, யானையின் முதுகு, துடுப்பு வலிப்பவரின் முதுகு, ஆட்டோக்காரரின் காக்கிச் சட்டை போட்ட முதுகு. ரயிலில் நம்மை இழுத்துப்போகிறவரை நாம் பார்ப்பதில்லை, அது பயணம். விதிவிலக்கு காட்ட முடியும் என்று தெரியும், காலால் மிதிக்கும் படகை யாராவது எடுத்துக் காட்டலாம். அங்கேயும் மிதிப்பவர் பக்கத்திலேயே இருக்கிறார். வண்டலூர் உயிரியல் பூங்காவில் மூடிய வண்டிக்குள் உட்கார்ந்து சிங்கம் பார்ப்பதைச் சஃபாரி என்கிறார்கள். ஒலி நெருங்கியிருப்பதால் இரண்டையும் ஒன்றாக நினைப்பவர்கள் உண்டு. சஃபாரி அரபியில் பயணத்தைக் குறிக்கும் ‘சஃபர்’ வழியாக, சுவாஹிலி மொழி போய் வந்த சொல். இரண்டுக்கும் உறவில்லை.

இலங்கைத் தமிழில் கதை வேறு பக்கம் திரும்பியது. அங்கே ஆட்டோக்காரர் போவது ‘ஹயர்’. சவாரி காளைகளிடம் தங்கிவிட்டது. யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் மன்னாரிலும் மாட்டுவண்டிச் சவாரி என்றால் பந்தயம். இரண்டு காளைகள் பூட்டிய வண்டிகள் சவாரித் திடலில் புழுதி கிளப்பிப் பாயும். அதற்கென்று வளர்க்கும் காளை சவாரி மாடு. ‘சிரித்திரன்’ இதழை நடத்திய சுந்தர் தம் புகழ்பெற்ற கேலிச்சித்திரப் பாத்திரத்துக்கு வைத்த பெயரே சவாரித் தம்பர். அதே பந்தயத்தைக் கடலுக்கு இந்தப் பக்கம் கொங்கு நாட்டில் ரேக்ளா என்கிறோம். சிவகங்கை, மதுரைப் பக்கம் மாட்டுவண்டிப் பந்தயம், ஓட்டுபவர் சாரதி, பெரியமாடு, நடுமாடு, கரிச்சான், பூஞ்சிட்டு என்று காளைகளுக்கு அளவு வாரியாகப் பிரிவுகள். ஒரே விளையாட்டு, ஒரே மொழி. நடுவில் கொஞ்சம் தண்ணீர் இருந்ததால் சொல் ஒரு கரையில் காளைக்கும் மறுகரையில் ஆட்டோவுக்கும் போய்விட்டது.

மலையாளம் இன்னும் தூரம் போயிற்று. அங்கே ‘பிரபாத சவாரி’ என்றால் காலை நடை. குதிரையுமில்லை, வண்டியுமில்லை, தன் பாரத்தைத் தானே சுமந்து நடப்பது. பாரசீகத்திலோ பேருந்தில் ஏறுவதும் சவார் ஆவதுதான், சைக்கிள் ஓட்டுவதற்கும் கடலலைமேல் சறுக்குவதற்கும் பின்னால் சவாரீ சேரும். ஊர்களுக்கிடையே ஆட்களைச் சேர்த்துக்கொண்டு ஓடும் பங்கு டாக்சிக்கும் அங்கே சவாரீ என்றுதான் பெயர். நம்முடைய ஷேர் ஆட்டோவின் அண்ணன் முறை.

சொல்லின் கசப்பான பக்கத்தையும் சொல்லாமல் விடக்கூடாது. “என் முதுகுல சவாரி செய்யாதே” என்று ஒருவர் சொல்லும்போது, அதில் இருக்கும் வலி உடல் வலி. அலுவலகத்தில் ஒருவர் செய்த வேலையில் இன்னொருவர் பெயர் வாங்கினாலும், வீட்டில் ஒரு மகன் சம்பாதிக்க நாலு பேர் உட்கார்ந்து சாப்பிட்டாலும் இந்த வாக்கியம் வந்துவிடும். ஓசிச் சவாரி என்பதும் அந்த வகைதான். அரசியல் பத்திரிகைகளில் பெரிய கட்சியின் தோளில் சின்னக் கட்சி சவாரி செய்கிறது. இரண்டு பக்கமும் பேச்சு நடத்தினால் இரட்டைக் குதிரைச் சவாரி. இவை எல்லாவற்றிலும் கவனிக்கவேண்டியது, பேசுகிறவர் நிற்கும் இடம். சவாரி செய்கிறேன் என்று யாரும் பெருமைப்படுவதில்லை. கீழே இருப்பவர்தான் பேசுகிறார், அவருடைய முதுகிலிருந்துதான் குற்றச்சாட்டு எழுகிறது. தெருவில் கூலியாக இருந்த சொல் இங்கே முறையீடு ஆகிறது. இரண்டும் சுமப்பவரின் சொற்களே.

கொடைக்கானல் ஏரிக்கரையில் குழந்தைகளைக் குதிரையேற்றிக் கொண்டுபோவதைப் பார்த்திருப்பீர்கள். குழந்தையின் கையில் லகானின் ஒரு சுற்று இருக்கும். அதைப் பிடித்துக்கொண்டு தானே குதிரையை ஓட்டுவதாக அது நிமிர்ந்து உட்காரும். தலைக்கயிற்றின் உண்மையான முனை பக்கத்தில் ஓடிவரும் குதிரைக்காரர் கையில் இருக்கும். குதிரை நடந்தால் அவர் நடப்பார், குதிரை ஓடினால் அவரும் ஓடுவார். மேட்டில் அவருக்கும் இரைக்கும், குதிரைக்கும் இரைக்கும். இறக்கிவிட்டுக் காசை வாங்கிக்கொண்டு, “ஒரு சவாரி, ஒரு சவாரி” என்று அடுத்த குடும்பத்தைப் பார்த்துக் கூப்பிடுவார். இறங்கிய குழந்தை தன் அப்பாவிடம் “நான் சவாரி போனேன்” என்கிறது. ஒரே ஓட்டத்துக்கு இரண்டு சவாரி, இரண்டு பேருக்கும் சொந்தமானது.

இப்போது அலைபேசிச் செயலிகள் வந்தபிறகு ஸ்டாண்டுகளில் பேச்சு மாறிவருகிறது. சவாரி ‘டிரிப்’ ஆகியிருக்கிறது, ‘புக்கிங்’ ஆகியிருக்கிறது, ‘ரைடு’ ஆகியிருக்கிறது. ரைடு என்பதும் குதிரையேற்றச் சொல்தான், ஆனால் அது ஏறுபவரைப் பார்த்துச் சொல்லப்படும் சொல். திரையில் ‘உங்கள் ரைடு வந்துவிட்டது’ என்று ஏறப்போகிறவருக்குச் செய்தி வருகிறது. “சவாரி கிடைச்சுதா?” என்பது ஓர் ஓட்டுநர் இன்னோர் ஓட்டுநரை விசாரித்த சொல். மத்தியானம் வரை கிடைக்கவில்லை என்றால், வரிசையில் முன்னால் நிற்பவர் தன் முறையை விட்டுக்கொடுத்து, “நீ இந்தச் சவாரியை எடுத்துக்க” என்று சொல்ல அந்தச் சொல்லில் இடம் இருந்தது. முறையை இயந்திரம் தீர்மானிக்கும் இடத்தில் அந்த விட்டுக்கொடுத்தலுக்கு வாக்கியமே கிடையாது. அது எனக்கு வருத்தமாக இருக்கிறது. செயலியைக் குறைசொல்லிப் பயனில்லை, பேரம் பேசி அலுத்துப்போன பயணிகளுக்கு அது நிம்மதி தந்திருக்கிறது. ஆனால் ஸ்டாண்டில் தலை நரைத்தவர்கள் இன்றும் செயலியில் வந்த அழைப்பைப் பார்த்துவிட்டு, “ஒரு சவாரி விழுந்திருக்கு” என்றுதான் சொல்கிறார்கள்.

வீட்டுக்குள் இந்தச் சொல் எப்படிப் புழங்குகிறது என்று எங்கள் வீட்டிலேயே கவனித்தேன். அப்பா கைகால் ஊன்றித் தரையில் குனிந்தால் பிள்ளை முதுகில் ஏறிக்கொள்ளும். அது யானைச் சவாரி. அங்கே பிள்ளை ராஜா. அதே பிள்ளை தூக்கக் கலக்கத்தில், கடைத்தெருவிலிருந்து திரும்பும் வழியில் நடக்கமாட்டேன் என்று அடம்பிடித்தால், அப்பா குனிந்து முதுகைக் காட்டுவார். பிள்ளை கழுத்தைக் கட்டிக்கொள்ளும். அப்போது யாரும் அதைச் சவாரி என்பதில்லை. அது உப்புமூட்டை. கொஞ்ச தூரம் போனதும் பிள்ளை தூங்கிவிடும், பிடி தளரும், கனம் ஒரு பக்கம் சாயும். அப்பா நின்று, லேசாக ஒரு எம்பு எம்பி, பாரத்தைத் தோளுக்குச் சரியாகக் கொண்டுவந்துவிட்டு மறுபடி நடப்பார்.